கேமரா அண்ணன் போட்ட வழக்குகள்

சிங்கப்பூரில் உள்ள அத்தனை வேகக் கேமராக்களையும் சந்தேகக் கண்ணோடு பார்த்துவிட்டு, ஒன்றிடம்கூட மாட்டாத மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கேமரா அண்ணன். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பிரியாணி கேட்டரிங் கடையில் நான் கணக்கெழுதினேன். அண்ணன் வேன் ஓட்டினார். கல்யாணம், பிறந்தநாள் என்று ஆர்டர் வந்தால், சாப்பாடு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நானும் வேனில் போக வேண்டும். தோ பாயோவுக்குப் போவதற்குள் எனக்கு ஒரு சட்டக் கல்லூரி பாடம் முடிந்துவிடும்.

வேகத்தைப் படமெடுக்க வேண்டுமானால் கேமரா முதலில் அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்ல வேண்டும் என்பார். கேமரா மரத்துக்குப் பின்னால் ஒளியக் கூடாது என்பார். அதன் கருவி சரியாக இருக்கிறதா என்று யாராவது அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பார். இதில் எது சட்டம், எது அவருடைய ஆசை என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. புதிதாகக் கேமரா முளைத்தால், விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய், நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு வருவார். ஆங் மோ கியோவில் ஒரு கேமராவுக்குக் கீழே குடையோடு வெகுநேரம் நின்றதைப் பார்த்து, உதவி வேண்டுமா என்று ஒரு சீனப் பாட்டி கேட்டிருக்கிறார்.

இவ்வளவு பேசுகிறவர் பறப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அண்ணன் ஓட்டும் வேனைச் சைக்கிள்காரர்கள் முந்திப் போவார்கள். பிரியாணி தம்மில் இருப்பது அடுப்பிலா அவர் வேனிலா என்று சமையல்கட்டில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இவ்வளவு மெதுவாகப் போகிறவருக்குக் கேமராவோடு என்ன சண்டை என்று ஒருநாள் கேட்டேன். தப்பே செய்யாதவன் கேள்வி கேட்டால்தான் மரியாதை என்றார்.

ஒரு சனிக்கிழமை அண்ணனுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. பூன் லேயில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம். விருந்தாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள், சாப்பாடு வரவில்லை என்று போன் மேல் போன். முதலாளி பாயே வேனை எடுத்தார். பாய்க்குப் பழக்கம் தன்னுடைய கார். வேனுக்கு வேக வரம்பு குறைவு என்று அதன் பின்புறத்தில் ஒட்டியிருந்த, எண் போட்ட வட்டமே சொன்னது. ஆனால் ஓட்டுகிறவர் பின்புறத்தைப் பார்ப்பதில்லையே. சாப்பாடு சுடச்சுடப் போய்ச் சேர்ந்தது.

பின்னாலேயே போலீஸ் கடிதமும் வந்தது. விரைவுச்சாலைக் கேமராவில் வேன் விழுந்திருக்கிறது, அன்று ஓட்டியது யார் என்று வண்டியின் உரிமையாளர் சொல்ல வேண்டும். பாயின் லைசென்ஸில் ஏற்கெனவே தண்டப் புள்ளிகள் சேர்ந்திருந்தன. இன்னும் விழுந்தால் கொஞ்ச காலம் ஓட்ட முடியாது. அண்ணனின் லைசென்ஸோ வாங்கிய நாள் மாதிரியே இருந்தது.

பாய் அவரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார். நீ ஓட்டினதாகச் சொல்லிவிடு, அபராதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அண்ணன் பல் பிடுங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் வேலை போய்விடும் என்று எனக்கே பயமாக இருந்தது.

"பாய், கேமராவுக்கு நம்பர் பிளேட்தான் தெரியும், நம்ம மூஞ்சி தெரியாது. அதனாலதான் சட்டம் மனுசன்கிட்ட கேக்குது லா. நாமளும் பொய் சொல்லிட்டா அப்புறம் யாரைக் கேக்கறது?"

பாய் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். அண்ணன் விடவில்லை.

"அப்புறம் தெரிஞ்சுதுன்னா ரெண்டு பேருமே உள்ள போவோம். பிரியாணிய யாரு ஆக்குறது?"

அதற்குப் பிறகு பாய் அவரோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அறையில் இருந்துகொண்டு, "வேனைக் கழுவச் சொல்லும்மா" என்று என்னிடம் சொல்வார். "கழுவியாச்சுன்னு சொல்லும்மா" என்று அண்ணன் என்னிடம் சொல்வார். ஆனாலும் பாய் தன் பெயரையே எழுதி அனுப்பினார்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. பலகை இல்லாமல் அந்தக் கேமரா இருந்திருந்தால் பாய்க்காக மனுப் போடலாம் என்று, விடுமுறையில் பஸ்ஸில் போய் மேம்பாலத்தில் மழையில் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் தும்மிக்கொண்டே வந்தார். பாயால் பொறுக்க முடியவில்லை, நேராகவே கேட்டுவிட்டார்.

"என்ன, போர்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு பாய். கதவு சைசுல இருந்துச்சு."

பாய் சிரித்த சிரிப்பில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

லைசென்ஸ் இல்லாத மாதங்களில் பாய் எங்கே போனாலும் அண்ணன்தான் ஓட்டினார். தொழுகைக்கு, மார்க்கெட்டுக்கு, மகள் வீட்டுக்கு. ஆர்டருக்குப் போனால் முன்னிருக்கையில் நாங்கள் மூவர், நடுவில் நான். ஒவ்வொரு கேமரா வரும்போதும் அண்ணன் அதன் வரலாற்றைச் சொல்வார். பாய் கண்ணை மூடிக்கொள்வார். போகப் போக, "இது முன்னாடி அந்தப் பக்கம் இருந்துச்சுல்ல?" என்று பாயே கேட்க ஆரம்பித்தார்.

லைசென்ஸ் திரும்ப வந்த அன்று ஜூரோங்கில் ஓர் ஆர்டர். அண்ணன் சாவியை மேசைமேல் வைத்து, நீங்களே ஓட்டுங்கள் என்றார். பாய் அதை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் நடுவில் ஏறினேன். அண்ணன் மெதுவாக, மிக மெதுவாக வேனைக் கிளப்பினார். எங்களில் யாருக்கும் சீக்கிரம் போய்ச் சேர ஆசையில்லை.