பதினைந்து அங்குலம்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியரும், நமது ஏரி மீன்பிடிப்போர் வேட்டையாடுவோர் சங்கத்தின் செயலாளருமான திரு. டெஷ் அவர்களுக்கு,

ஹெட்விக் ஜெலின்ஸ்கி எழுதுவது. உங்கள் இடுப்பு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று அறிந்து மகிழ்ந்தேன். உங்கள் பத்திரிகையின் எழுத்துப் பிழைகளுக்கும் அதுபோல் ஒரு சிகிச்சை கிடைக்கட்டும்.

முதலில் ஒரு திருத்தம். என் கொழுந்தன் லெனர்டை நான் தொலைபேசியில் மீன்வள வார்டனிடம் காட்டிக்கொடுத்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் தொலைபேசியைத் தொடவே இல்லை. கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், ஓரம் விட்டு, தேதி போட்டு, முழுக் கையெழுத்துடன். ஒருவர்மேல் குற்றம் சொல்வதானால் பெயரைப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

நடந்தது இதுதான். போன செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை லெனர்ட் மூன்று டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து என் சமையலறைத் தொட்டியில் போட்டான். பார்த்தவுடனே எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை எடுத்து வந்து அளந்தேன். ஒரு அடி ஸ்கேலைத் தாண்டி ஒன்றரை அங்குலம், அவ்வளவுதான்.

"அண்ணி, மீன் கொண்டாந்தா வாங்கி வறுக்கணும். இப்படி ஸ்கேலத் தூக்கிட்டு நிக்கிறது உங்க ஒருத்தர் வீட்டுலதான்."

"பதிமூணரை. பதினஞ்சுக்குக் கம்மியா இருந்தா ஏரியிலயே திருப்பி விடணும். உனக்குத் தெரியாதா?"

"படகுல அளந்தேன் அண்ணி. மூணும் பதினஞ்சரை. அண்ணன் ஒட்டிவெச்ச டேப்புலதான் அளந்தேன்."

"செத்துப்போனவர் மேல பழியைப் போடாதே, லெனர்ட்."

"அப்ப வர்ற வழியில சுருங்கிப்போச்சு போல. உங்களப் பார்க்க வர்றதுன்னா யாரும் சுருங்கத்தான் செய்வாங்க."

அன்று மாலையே கடிதம் எழுதினேன். அடுத்த வாரம் வார்டன் படகுத்துறையில் நின்று, தன்னுடைய பலகையில் வைத்து லெனர்டின் அன்றைய மீன்களை அளந்தார். நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு வருஷத்துக்கு அவனுடைய மீன்பிடி உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை என் வாசற்படியில் ஒரு சாவி கிடந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் என் கணவர் காசிமிர் வெட்டிய மீன் வளர்ப்புக் குளத்தின் சாவி அது. காசிமிர் போன பிறகு இந்த ஆறு வருஷமாகக் குஞ்சுகளுக்குத் தீனி போட்டதும், குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்து மூச்சுவிட வழி செய்ததும் லெனர்ட்தான். அவன் விலகினான், அவனோடு நான்கு சிநேகிதர்களும் விலகினார்கள். அரசாங்கத்து ஆள் வந்து கணக்கெடுத்துவிட்டு, குளத்து வேலைக்கு மார்ச் முடிவதற்குள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுக்காவிட்டால் இந்த வசந்தத்தில் குஞ்சுகள் தரமாட்டோம், குளத்தை மூடிவிடுவோம் என்று சொல்லிப் போனார். இன்றைய தேதிக்கு ஏழு பெயர். குளம் மூடினால் ஏரியில் விடக் குஞ்சு இருக்காது. இப்போதே ஏரி எப்படி இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும். போன கோடையில் நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்தவர்கள் வெயிலில் தோல் உரிந்ததுதான் மிச்சமென்று திரும்பி வந்தார்கள்.

போன செவ்வாயன்று நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் இருவர் காபிக்காக. ஓர்வில் ஸ்டாங் தொப்பியைக்கூடக் கழற்றாமல், "மிசஸ் ஜெலின்ஸ்கி, நாங்க வாத்து சுடறவங்க. மீனுக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். "வாத்து எங்க முட்டை போடுது ஓர்வில்? உங்க லாரியிலயா?" என்று கேட்டேன். அந்தக் குளத்து நாணலில்தான் போடுகிறது என்பது அவருக்குத் தெரியும். "மீன்தானே, கடையில பெட்டி பெட்டியா இருக்கே" என்றார் இன்னொருவர். நம் தேவாலய மண்டபத்தில் 'நமது ஏரியைக் காப்போம்' என்று துணி கட்டிவிட்டு, அதன் கீழே எந்தக் கடலிலோ பிடித்த மீனை வறுத்துப் பரிமாறுகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஏரியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் கேட்கவில்லை. தூண்டில் போடுகிறவர்களையும் துப்பாக்கி தூக்குகிறவர்களையும்தான் கேட்கிறேன். எடுத்தவர்கள் நீங்கள், திருப்பி வைக்க வேண்டியவர்களும் நீங்கள்தான். என்னைக் கேட்காதீர்கள். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை, சாப்பிடுவதோடு சரி. காசிமிரைப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு மீன் கொண்டுவந்தால் குளத்துக்கு ஒரு காலை நேரம் கொடுத்தார். வாழ்நாளில் பதினைந்து அங்குலத்துக்குக் குறைந்த ஒரு மீனைக்கூட அவர் வைத்துக்கொண்டதில்லை. அவர் ஒட்டிய அந்த டேப்பின்மேல் சத்தியம் செய்வேன்.

இதை ஒரு வார்த்தை குறைக்காமல் அச்சிடவும். உங்கள் இடுப்பு நிலைக்கட்டும், உங்கள் மனைவிக்கு என் வணக்கம், ஏரியின் பனி காலத்தோடு உருகட்டும்.

இப்படிக்கு,
ஹெட்விக் ஜெலின்ஸ்கி (திருமதி காசிமிர்)

பி.கு. சத்தியம் செய்யும் பொருளை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று, உறையை ஒட்டுமுன் கொட்டகைக்குப் போய், லெனர்ட் ஓட்டிவந்த காசிமிரின் படகின் மேல் மூடியிருந்த படுதாவை விலக்கினேன். டேப் இரண்டில் தொடங்குகிறது. ஒன்று என்ற எண்ணே அதில் இல்லை; பதிமூன்றரை அங்குல மீன் அதில் பதினைந்தரை காட்டும். மீனை அளக்கிறவர்கள் எல்லோரும் வால் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். மூக்குப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அது என் தையல் கூடையிலிருந்து நான் கொடுத்த டேப். நுனி பிய்ந்திருந்தது. பிய்ந்த பொருளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால், கத்தரியால் நேராக வெட்டிக் கொடுத்தேன். வெட்டிய துண்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக என் ஜெபப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருப்பது அதைத்தான். காசிமிரின் அடக்கப் பூசையன்றுகூட அதை எடுத்துத்தான் பக்கம் திருப்பினேன்.

இத்தனை வருஷத்தில் எத்தனை குட்டி மீன் அந்தப் படகில் ஏறியதோ, அதில் எத்தனையை நான் வறுத்தேனோ.

வார்டனுக்குத் தனியே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். லெனர்டின் வீட்டுக்கு நடந்துபோய் நேரில் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணனுக்குத் தெரியாமப் போனதே நல்லது அண்ணி" என்றான். குளத்துக்குத் திரும்பி வருவாயா என்றேன். "மொதல்ல உங்க பேரை எழுதுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு எழுபத்தொன்பது வயது. காசிமிரின் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடிக் காலுறை போட்டால் பொருந்துகிறது. எட்டாவது பெயராக என்னுடையதைச் சேர்த்துக்கொண்டீர்களா இல்லையா என்று, தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.