டெங்கில் மேடையில் நான் போர்த்திய பொன்னாடை

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய தம்புசாமி அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் நாகையா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வாணியும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. கிள்ளானில் நீங்களும் அக்காவும் சர்க்கரை ஏறாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வீடு சின்னது, பக்கத்து அறையில் நம் பிள்ளை தாமரை தூங்குகிறாள், விஷயம் அவளைப் பற்றியது. கீழ்வீட்டு கன்னையா மதியம் கிள்ளானுக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. கணக்கியல் படித்த பெண், நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, பாட்டுத் திருவிழாக்களில் மேடைக்குப் பின்னால் ஓடுகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் நம் சங்கத்துப் புரவலர் டத்தோவிடம் பேசி அவர் ஆபீஸில் ஓர் இடம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவளோ முடியாது என்று நிற்கிறாள். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது, யார் யாரோடு இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, நேற்று டெங்கிலில் நடந்த பெரிய திருவிழாவுக்குத் தொண்டூழியர் வேண்டும் என்று அறிவித்தபோது நானும் பெயர் கொடுத்துவிட்டேன். வாணியிடம்கூட செலாயாங் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதாகத்தான் சொன்னேன். கறுப்பு டீசட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான் தாமரை என்னைப் பார்த்தாள். "அப்பா, இங்க என்ன பண்றீங்க?" "சேவை." "சரி. ஆனா உள்ள வந்துட்டா நான் உங்க மக இல்ல, ஸ்டேஜ் மேனேஜர். சொன்னதை மட்டும் செய்யுங்க லா, ப்ளீஸ்."

நமக்கா அத்தான் நிகழ்ச்சி நடத்தத் தெரியாது? நீங்கள் தலைவராகவும் நான் செயலாளராகவும் சங்கத்தை நடத்திய காலத்தில், ஏழு மணி நிகழ்ச்சியை எட்டரைக்கு முன்னால் ஒரு நாளாவது ஆரம்பித்திருப்போமா? டத்தோ வராமல் குத்துவிளக்கு எரிந்ததுண்டா? இங்கே மூன்று மணி என்று போட்டால் மூன்று மணிக்கே ஆரம்பிக்கிறார்கள்! வரவேற்புரை கிடையாது, பிரமுகர் வரிசை கிடையாது, மேடையில் ஒரு நாற்காலி கிடையாது. ஒரு குழு பாடிவிட்டு இறங்கினால் அடுத்த குழு ஏறுகிறது, வந்தவனை வா என்று சொல்ல ஆளில்லை. எனக்குக் கொடுத்த வேலை, மேடைக்குப் போகும் தண்ணீர் பாட்டில்களில் லேபிளைக் கிழிப்பது. பணம் போட்டவர்கள் வேறு கம்பெனியாம், இந்தத் தண்ணீர்க் கம்பெனியின் பெயர் கேமராவில் தெரியக்கூடாதாம். விரல் நகம் தேயத் தேயக் கிழித்தேன். கிழித்துக்கொண்டே யோசித்தேன், இவர்களுக்கு மரியாதை செய்ய ஆளில்லை, ஆனால் நான் இருக்கிறேனே. நீங்கள் சிரிக்கக்கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு பையில் பொன்னாடைகளை எடுத்துப் போயிருந்தேன். எல்லாம் சங்கத்தில் எனக்குப் போர்த்தியவை, பாதி நீங்கள் போர்த்தியது, வீட்டுக்கு வந்ததும் மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அப்புறம் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தவை.

மாலையில் ஈப்போவிலிருந்து ஒரு பாண்ட் இசைக்குழு வந்தது. அதில் டிரம் அடிப்பவர் கையிலும் கழுத்திலும் பச்சை குத்திய ஒரு மலாய்த் தம்பி. மேடையில் விளக்கை அணைத்தார்கள். இதுதான் நேரம் என்று நான் மேலே ஏறி, அவரைத் தேடிக் கண்டுபிடித்து, பொன்னாடையைப் போர்த்தினேன். அந்த நொடியில் எல்லா விளக்கும் எரிந்தது. கீழே கடல் போல ஜனம், ஒரே கூச்சல். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, நெஞ்சில் கை வைத்து "தெரிமா காசே, பாக்சிக்" என்று மலாயில் நன்றி சொன்னார். அதோடு நான் இறங்கியிருக்கலாம். ஆனால் போட்டோ எடுக்காமல் பொன்னாடையை விட்டு நகர்வது நமக்குப் பழக்கமில்லையே! அவர் தோளைப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு, போட்டோக்காரர் வரட்டும் என்று நின்றேன். பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் அடிக்கிறார், நான் நிற்கிறேன். பக்கவாட்டிலிருந்து தாமரை குனிந்தபடியே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கால் வயரில் சிக்கி, ஒரு மைக் ஸ்டாண்டோடு நானும் சேர்ந்து விழுந்தேன். அதுதான் இடுப்பு.

பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மேடைக்கெல்லாம் தலைமை ஃபரிடா என்றொரு அம்மாள், சிரிக்காத முகம். "யார் இந்த அங்கிள்? யார் உள்ளே விட்டது?" என்று மலாயில் கேட்டார். தாமரை என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபமில்லை. "என் அப்பா. இவருக்கு நான் பொறுப்பு" என்றாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் இவள் பந்தடித்துக் கண்ணாடியை உடைத்தபோது, தலைமையாசிரியரிடம் "என் மக, இவளுக்கு நான் பொறுப்பு" என்று நான் சொன்னேன் அத்தான். இடுப்பு வலியை விட அது வலித்தது.

பிறகு மழை. சும்மா மழை இல்லை, காற்றோடு சேர்ந்து கொட்டுகிற மழை. மேடைக் கூரையின் கேன்வாஸ் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. பாடுகிறவர்கள் இறங்கி ஓடுகிறார்கள், ஆளாளுக்குக் கத்துகிறார்கள். அப்போது இவள் குரல் கேட்டது. வீட்டில் ரசம் வேண்டுமா என்றால் பதிலே வராத பெண்! "பவர் கட் பண்ணு! யாரும் வயர் தொடாதே! பாஸ், அந்தப் பக்கம் கயிறு இழு!" என்று ஒரு குரல், மலையாட்டம் இருக்கிற ஆட்கள் மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள். கீபோர்டு மேல் தண்ணி சொட்டுது, மூட ஒண்ணும் இல்ல. தாமரை சுத்திப் பாத்தா. "அப்பா! அந்தப் பை! பொன்னாடை!" இடுப்பாவது ஒண்ணாவது, ஓடினேன். உறையோட நாலு, உறையைப் பிரிச்சு நாலு, அடுக்கி மூடினோம். மேலே இருந்தது டத்தோ கையால போர்த்திய சிவப்புப் பொன்னாடை. என் அனுபவத்தில் ஒரு பொன்னாடை வேலை செஞ்சு நான் பாத்தது அதுதான் முதல் தடவை. மழை விட்டது. கீபோர்டு பாடிச்சு. திருவிழா நடந்தது.

முடிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. நன்றியுரை இல்லை. இவள் பெயரை ஒருவர் மைக்கில் சொல்லவில்லை. தொப்பலாக நனைந்த பெண், தலையைக்கூடத் துவட்டாமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லாத வேலை நம் பிள்ளைக்கு எதற்கு? மனசு ஆறவில்லை எனக்கு. ஆகவே அத்தான், தயவுசெய்து இன்று மாலையே அக்காவோடு வாருங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். டத்தோ ஆபீஸுக்குப் போகட்டும், ஏசி அறையில் உட்காரட்டும், நானும் இரவில் தூங்குகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி எங்கள் வீட்டுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
நாகையா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது தாமரை எழுந்து வந்தாள். யாருக்கு என்றாள், மாமாவுக்கு என்றேன். "மாமாகிட்ட நான் சரின்னு சொன்னேன்னு எழுதிருங்கப்பா. டத்தோ ஆபீஸுக்கே போறேன். இந்த வயசுல நீங்க மழையில ஓடி வரணுமா? விழுந்து எலும்பு முறிஞ்சிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டுமல்லவா? ஆனால் மழையில் நான் கேட்ட அந்தக் குரல் டத்தோ ஆபீஸில் எங்கே கேட்கும் அத்தான்? "முடியாது, நீ அங்கேயே இரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று வாணி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆகவே டத்தோவிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் என்னைத் திட்டட்டும். பையில் உறை பிரிக்காத பொன்னாடை ஒன்று மிச்சமிருந்தது. அதை அவளுக்குப் போர்த்தலாம் என்று கையில் எடுத்தேன். "ஐயோ, பிரிக்காதீங்கப்பா, டிசம்பர்ல ஷா ஆலம்ல ஷோ இருக்கு, மழைக்கு வேணும்" என்று பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். நீங்கள் மாலையில் எப்படியும் வாருங்கள், சாப்பாடு இங்கேதான். வரும்போது உங்கள் அலமாரியில் இருப்பதையெல்லாம் கட்டிக் கொண்டு வாருங்கள். உறையோடு.