குளியலறைக்குப் போன கார்புரேட்டர்

"இந்தக் கார்புரேட்டரை என் கையைத் தவிர இன்னொருத்தன் கை தொடப்படாது. சொல்லிட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மாட்டுங்காவில் தான் குடியிருந்த கட்டடத்தின் முற்றத்தில் நின்று அனந்தகிருஷ்ணன் இப்படிக் கர்ஜித்தான். யார் தொட வந்தார்கள் என்கிறீர்களா? ஒருவரும் வரவில்லை. கோபம் வந்துவிட்டால் அவனுக்கு எதிராளி தேவையில்லை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் அது. சமர்த்தாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முந்தாநாள் தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறையில் புது சைலன்ஸர் மாட்டியதிலிருந்து டப், டுப் என்று வெடிக்க ஆரம்பித்தது.

"பொகை இப்ப லேசா வெளிய போவுதுங்கய்யா. அதுக்குத் தக்கன கார்புரேட்டர் ஸ்குரூவத் திருகி பெட்ரோலு கொஞ்சம் கூட விடணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, பாத்துத் தாரேன்" என்று கரீம் பாட்சா தன்மையாகத்தான் சொன்னார். ரயில்வே ஆபீஸில் பதினாலு வருஷம் பேனா பிடித்தவனுக்கு ஒரு ஸ்குரூவைத் திருகத் தெரியாதா? சுள்ளென்று வந்தது அவனுக்கு. வழியெல்லாம் வெடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி அம்மிணி வாசல்படியில் வந்து நின்றாள்.

"ஏன்னா, நாலு மணிக்குச் செம்பூர்லே அக்கா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். வண்டியிலேதான் வருவோம்னு சொல்லியிருக்கேன். போன தடவை ரயில்லே போய் இறங்கினதுக்கு, உங்காத்து வண்டி படுத்துண்டுடுத்தான்னு அத்தனை பேரும் சிரிச்சா. கரீம் பாட்சா கடை பன்னண்டு மணி வரைக்கும் உண்டு."

"அந்தப் பேரை என் காதுலே போடாதே."

ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். 'மணி 7-20: வலப்புறம் கால் சுற்று. 7-35: இடப்புறம் அரைக்கால் சுற்று.' ஒவ்வொரு சுற்றுக்கும் கையெழுத்து வேறு. எட்டரைக்கு எஞ்சின் வெடிப்பதை நிறுத்திவிட்டு வழவழவென்று ஓடியது. காப்பி குடிக்க உள்ளே போனான்.

"பெட்ரோல் கையோட உள்ளே வரப்படாது. சுவாமி அறை இருக்கு. குளிச்சுட்டு வாங்கோ."

குளித்தான். காப்பி குடித்தான். திரும்பி வந்து வண்டியை உதைத்தான். டுப்!

"நீ இதைத் திருகினியா?"

"நானா? நானே மடியா இருக்கேன். அந்தப் பிசுக்கைத் தொட்டா நான்னா மறுபடி குளிக்கணும்?"

"அப்போ எப்படி மாறித்து?"

"சூடு ஆறினா காப்பிக்கே ருசி மாறிடறது. இது இரும்பாக்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காதே."

மறுபடி திருகினான். வண்டி சூடாயிற்று, சரியாயிற்று. அடை சாப்பிடப் போனான். அதற்கு ஒரு குளியல். திரும்பி வந்தால் டுப். கீழ்வீட்டு மகாதேவன் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், வாரத்திலே ஒரு நாள்தான் தூங்கறேன். அதையும் வெடி வெச்சுத் தகர்க்கணுமா?"

"என் வண்டி, என் கார்புரேட்டர். உமக்கென்ன ஓய்?"

மகாதேவன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். அனந்தகிருஷ்ணனுக்கு உச்சந்தலை கொதித்தது. நோட்டுப் புஸ்தகம் பொய் சொல்லாது. அவன் குளிக்கிற சமயம் பார்த்து யாரோ கை வைக்கிறார்கள். பெண்டாட்டியா, கீழ்வீட்டுக்காரரா, இரண்டு பேரும் சேர்ந்தா? மணி பத்தரை. முழங்கை வரைக்கும் கிரீஸ். தாகம் வேறு தொண்டையை வறட்டியது. உள்ளே போகவும் மனமில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை.

அம்மிணி குரலைத் தாழ்த்தி, பரம சாதுவாகச் சொன்னாள்: "அத்தனை சந்தேகம்னா அதைக் கழட்டிக் கையோட எடுத்துண்டு போங்கோளேன். அது இல்லாம வண்டியை யாராலும் கிளப்ப முடியாதோல்லியோ?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் சொன்ன முதல் உருப்படியான யோசனை என்று அவனுக்குப் பட்டது. இரண்டு நட்டைக் கழற்றினான். கார்புரேட்டரைத் துண்டில் சுற்றிக் குளியலறைக்கு எடுத்துப்போய், சோப்பு மாடத்தில் உட்கார வைத்தான். அதன்மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல், அதையே முறைத்துக்கொண்டு, அரைமணி நேரம் தேய்த்துக் குளித்தான். இனி எவன் என்ன செய்வான் பார்க்கலாம்!

ஈரத்துண்டும் கார்புரேட்டருமாக முற்றத்துக்கு வந்தான். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"அம்மிணீ, வண்டி எங்கே?"

"கரீம் பாட்சா பட்டறைக்கு. மகாதேவன் சார் தள்ளிண்டு போயிருக்கார். ஒரு வார்த்தைதான் சொன்னேன், மனுஷன் ஓட்டமா ஓடினார்."

"யாரைக் கேட்டு அனுப்பினே? கார்புரேட்டர் என் கையிலே இருக்கு, தெரியுமோ? கரீம் பாட்சா தலைகீழா நின்னாலும் இது இல்லாம ஒண்ணும் நடக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன். மணி பதினொண்ணேகால் ஆயிடுத்து. சட்டையைப் போட்டுண்டு வேகமா நடந்து, உங்க கையாலேயே அதை அவர்கிட்டே குடுத்துட்டு வாங்கோ."