மாமாவுக்குத் தெரியாததா?

"மாமா, துக்ளக் முட்டாளா, மேதையா?"

வாயில் பல்துலக்கியோடு மாப்பிள்ளை கேட்டார். லாண்டரிக்காரர் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எந்த துக்ளக்?"

"முகமது பின் துக்ளக் மாமா. டில்லியிலேருந்து தலைநகரை தௌலதாபாத்துக்கு மாத்தினாரே. ஒரு புத்தகம் முட்டாள்ங்குது. இன்னொண்ணு மேதைங்குது. பரீட்சையில வந்தா எதை எழுதறது?"

"வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க மாப்பிள்ளை. ஒரு சக்ரவர்த்தியைப் பத்தி நுரை வாயோடவா பேசுறது?"

மாப்பிள்ளை பயபக்தியோடு குளியலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது மாமா இல்லை. சாவி மேசை மேலேயே இருந்தது.

லாண்டரிக்காரர் பூட்டிய கடைக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். சாவியோடு மனைவி வந்தாள்.

"எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவீங்க?"

"நீ ஆரம்பிச்சு வெச்சதுதானே."

சம்பந்தம் பேச வந்த அன்று நடந்த விபத்து அது. மாப்பிள்ளையின் பெரியப்பா, பேச்சு ஓய்ந்த ஒரு நேரத்தில், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் யார் என்று பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். அன்று காலைதான் லாண்டரிக்காரர் ஒரு சட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டியிருந்தார். அந்தத் தாளில் இருந்த பதில் கண்ணில் பட்டிருந்தது.

"ராஜாஜி" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மனைவி விடவில்லை. "இதெல்லாம் ஒரு கேள்வியா? அசோகர்லேருந்து ஆரம்பிச்சு எதை வேணா கேளுங்க. இவருக்குத் தூக்கத்துல வர்ற கனவுகூடச் சரித்திரம்தான்."

யாரும் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை மட்டும் மாமனாரை நிமிர்ந்து பார்த்தார். மலையைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வை இன்னும் இறங்கவில்லை.

இப்போது அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க மாமனார் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். பகலில் நூலகத்துக்குப் போவதாகச் சொல்வார். காலையிலும் மாலையிலும் மாமா. வயது வரம்பு முடிகிறது. இதுதான் கடைசித் தடவை.

"உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் லாண்டரிக்காரர்.

"சொல்லுங்க. பரீட்சை நேரத்துல அந்தப் பிள்ளை மனசு ஒடியட்டும். நம்ம பொண்ணு வாழ்க்கை பூரா நம்மளைத் திட்டட்டும்."

அவர் சொல்லவில்லை. மறுநாள் கழுத்தில் மப்ளரோடு எழுந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"ஐயோ, பேச முடியலையா? பரவாயில்ல மாமா. எழுதிக் காட்டுங்க." மாப்பிள்ளை காகிதமும் பேனாவும் நீட்டினார்.

அதற்கு அடுத்த நாள் வலது கையிலும் கட்டு இருந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று மனைவி சொன்னாள்.

"உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன் மாமா. தலையை மட்டும் ஆட்டுங்க. துக்ளக் முட்டாளா?"

லாண்டரிக்காரர் திகைத்துப்போய்த் தலையை மேலும் கீழும் ஆட்டினார். தப்போ என்று தோன்றியது. உடனே பக்கவாட்டில் ஆட்டினார். பிறகு ஒரு சுற்று சுற்றினார்.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ரெண்டும்ங்கிறீங்க! ரெண்டும்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல மாமா. தொண்டை சரியானதும் காரணத்தை மட்டும் சொல்லிடுங்க. சாயந்திரம் போதும்."

அன்று கடையில் அவர் தேய்த்த முதல் சட்டையிலேயே காலர் மஞ்சளாகிவிட்டது. அது டியூஷன் சாருடையது. தெருக்கோடியில் இருக்கும் தேர்வுப் பயிற்சி மையத்தில் அவர் சரித்திரம் நடத்துகிறார். வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். கஞ்சி நிறைய வேண்டும். சட்டை தானாக நிற்க வேண்டும்.

சார் வந்தபோது லாண்டரிக்காரர் மப்ளரைக் கழற்றிக் கும்பிட்டார்.

"சார், என் மானம் உங்க கையில இருக்கு."

"என் காலர் உங்க கையில இருந்தது. என்ன பண்ணியிருக்கீங்க பாருங்க."

"இனிமே உங்க துணிக்கெல்லாம் காசே வேண்டாம் சார். எனக்குத் தினம் ஒரு கேள்விக்குப் பதில் வேணும். யாருக்காகன்னு மட்டும் கேட்கக்கூடாது."

கேள்வியைச் சொன்னார். சார் முகம் மாறியது. காலரை மறந்தார். கண்ணை மூடினார்.

"ஆழமான கேள்வி. உடனே சொல்லக்கூடாது. சாயந்திரம் வர்றேன்."

எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று லாண்டரிக்காரர் வியந்தார். தெரிந்தும் அவசரப்படாமல் இருக்கிறாரே.

மாலையில் சார் வந்தார். சட்டையை வாங்கிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "யோசனை மேதையோடது. அவசரம் முட்டாளோடது. நாட்டுக்கு நடுவுல தலைநகர் வேணும்னு நினைச்சது சரி. ஊரையே கிளப்பி நடக்க வெச்சது தப்பு."

லாண்டரிக்காரருக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. சுற்றிலும் தொங்கிய துணிகளைப் பார்த்தார். ஒரு ஊரே நடந்திருக்கிறது. பாதி காய்ந்த துணியைச் சுருட்டிக்கொண்டு எத்தனை பேர் நடந்தார்களோ. இத்தனை காலம் ராஜாக்களின் பெயர் அச்சடித்த தாளில் அவர் சட்டைதான் சுற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு தாளையும் பிரித்துப் படித்ததில்லை.

வீட்டில் அந்தப் பதிலை அப்படியே சொன்னார். மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, நீங்க நம்பமாட்டீங்க. மத்தியானம் நானும் இதையேதான் யோசிச்சேன். பயத்துல, சும்மா ஒரு ஊகம்தான். ஆனா வார்த்தைகூட மாறல. நீங்க சொன்னப்புறம்தான் எனக்கு நம்பிக்கை வருது."

"பெரியவங்க யோசனை ஒத்துப்போகும் மாப்பிள்ளை" என்றார் லாண்டரிக்காரர். தன்னைப் பெரியவர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது அவருக்கே கூச்சமாக இருந்தது.

கேள்விகள் வளர்ந்தன. சாரின் மூட்டையும் வளர்ந்தது. சட்டை போய்ப் படுக்கை விரிப்பு வந்தது. பிறகு திரைச்சீலைகள். பிறகு சாரின் மைத்துனர் வீட்டுத் திரைச்சீலைகள்.

"இரட்டை ஆட்சி 1919ஆ, 1935ஆ மாமா? ஆளுக்கு ஒண்ணு போட்டிருக்காங்க."

"சாயந்திரம் சொல்றேன் மாப்பிள்ளை. ஆழமான கேள்வி."

மாலையில் பதில் வந்தது. மாகாணங்களுக்குக் கொண்டுவந்தது 1919 சட்டம். மத்தியில் கொண்டுவரச் சொன்னது 1935 சட்டம், ஆனால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. மாப்பிள்ளை மறுபடியும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதுவும் அவர் மத்தியானம் ஊகித்ததுதான்.

"1857 கலகமா, சுதந்திரப் போரா?"

"யார் வீட்டு ஜன்னல்லேருந்து பார்க்கிறோம்ங்கிறதைப் பொறுத்தது மாப்பிள்ளை."

இதைச் சொல்லும்போது லாண்டரிக்காரர் மனதுக்குள் சாரைக் கும்பிட்டார். ஒரு மனுஷன் மண்டைக்குள் இவ்வளவு இருக்குமா? மறுநாள் சாரின் சட்டைகளை மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் தனித் தொட்டியில் துவைத்தார்.

ஒருமுறை பயிற்சி மையத்துக்கு விடுமுறை. சார் அன்று கையை விரித்துவிட்டார். "இன்னைக்கு முடியாது. என்னை வற்புறுத்தாதீங்க."

லாண்டரிக்காரர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனார். மாப்பிள்ளை பின்வாசலில்தான் காத்திருந்தார்.

"எல்லாத்தையும் நானே சொல்லிட்டா எப்படி மாப்பிள்ளை? இன்னைக்கு நீங்க சொல்லுங்க. நான் கேட்கிறேன்."

மாப்பிள்ளை சொன்னார். தடங்கலில்லாமல் சொன்னார். முடித்ததும் மாமாவின் முகத்தையே பார்த்தார். மாமாவுக்குச் சரியா தப்பா என்று தெரியவில்லை. தலையை ஒரு சுற்று சுற்றினார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுத்துத் தேர்வு முடிந்தது. நேர்முகமும் முடிந்தது. முடிவு வந்த அன்று மகள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். "அப்பா, அவர் பாஸ்! முதல் பக்கத்துல பேர் இருக்கு!"

மாப்பிள்ளை சொன்னார், "நேர்முகத்துல துக்ளக்கைத்தான் கேட்டாங்க மாமா. உங்க முகம் கண்ணு முன்னால வந்தது. தலையை ஆட்டினீங்க."

எல்லாம் மாமா சொல்லிக் கொடுத்தது என்று அவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் கடை முன்னால் துணியில்லாமல் ஒரு கூட்டம் நின்றது.

"ஐயா, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க."

"துணி இருந்தா கொடுங்கப்பா."

"பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்றான் ஒருவன். மற்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

இனிமேல் தாங்காது. இத்தனை பேர் வணங்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவரை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பரீட்சைதான் முடிந்துவிட்டதே. லாண்டரிக்காரர் கடையை அடைத்தார். ஒரு பழக்கூடை வாங்கினார். கஞ்சி போட்ட சட்டைகளை அதன் மேல் வைத்து, சார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

சாரின் மனைவி திறந்தாள்.

"அம்மா, சார் இருக்காரா? அவர் மனுஷரே இல்லம்மா. சரித்திரம் அத்தனையும் அவர் தலைக்குள்ள இருக்கு."

"யாரு, இவரா?" அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இவர் கணக்கு வாத்தியார்ங்க. சரித்திர வாத்தியார் வேலையை விட்டுட்டுப் போனதும் அந்தப் பாடத்தையும் இவர் தலையில கட்டிட்டாங்க. நீங்க கேட்கிற கேள்வியைக் கொண்டுபோய் போர்டுல எழுதிப்போடுவார். கடைசி பெஞ்சுல ஒரு தம்பி பயந்து பயந்து பதில் சொல்லும். அதை வந்து உங்ககிட்ட ஒப்பிப்பார். அவ்வளவுதான்."

லாண்டரிக்காரரின் கையில் கூடை சாய்ந்தது. மேலிருந்த சட்டை விழுந்து, மடங்காமல் நின்றது.

"அந்தத் தம்பி... இப்ப எங்கே?"

"அதான் பாஸாயிடுச்சே! டியூஷனுக்கு வர்றதையே வீட்டுல மறைச்சு வெச்சிருந்துச்சாம், தெரிஞ்சா மாமனார் மனசு வருத்தப்படும்னு. எல்லாம் அந்த மாமனார் சொல்லிக் கொடுத்ததாம்ல, அதான் இவர் காலையிலேயே பழக்கூடை வாங்கிக்கிட்டு அந்த மகானைக் கும்பிடக் கிளம்பிட்டார்."