பாதிக் கிணறு கட்டிய பசிலி மேஸ்திரி

உத்திரமேரூரைச் சுற்றி இருபது மைலுக்குள் எழும்பி நிற்கிற எந்தச் சுவரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் பசிலி மேஸ்திரிதான். பல்லவன் கட்டியதாக இருந்தாலும் சரி, பஞ்சாயத்து கட்டியதாக இருந்தாலும் சரி, இடுப்பில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து அரை நிமிஷம் பார்ப்பார். பிறகு, "இன்னா பண்றது, அவனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் உட்கார்ந்து வீட்டு பிளான் போடுகிறவன். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதி என் பென்சிலிலிருந்து வந்தவை. ஆகவே அந்த வாக்கியத்தை அதிகத் தடவை கேட்ட பாக்கியசாலியும் நானே.

மேஸ்திரியின் சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்து, கொத்து வேலை கற்று, கன்னியாஸ்திரியான அத்தை மகள் ஒருவரின் சிபாரிசில் இத்தாலிக்குப் போனவர். அங்கே தெற்கே, கடலோரமாக, பூலியா என்ற சீமையில் பாரி என்று ஒரு துறைமுக ஊர். அந்த ஊர் முதியோர் இல்லத்தில் எட்டு வருஷம் தோட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. கையில் செலவுக்கு இல்லாதவன் வெயில் காலத்தில் எங்கே போவான்? அந்த ஊர்ப் பெரிய தேவாலயமான பசிலிக்காவுக்குள் போனார். "உள்ள குளுகுளுன்னு கீது சார், துட்டும் கேக்கல" என்பார். முதல் வருஷம் காற்றுக்காகப் போனார். இரண்டாம் வருஷம் தூண்களை அளக்க ஆரம்பித்தார்.

டேப் கொண்டு போனால் காவலாளி கேள்வி கேட்பான். அதனால் ஒவ்வொரு தூணையும் கட்டிப்பிடித்து அளந்தார். இந்திய தேசத்திலிருந்து இப்படியொரு பக்தனா என்று காவலாளி கண் கலங்கிப்போய், தரைக்கு அடியில் இருந்த பாதாளக் கோயிலின் தூண்களையும் காட்டிக் கொடுத்தானாம். எல்லா அளவும் ஒரு நோட்டில் இருந்தது. ஒரு பிடி, ஒன்றரைப் பிடி, பிடிக்கே அடங்கலை என்று மூன்றே வகை.

ஊருக்குத் திரும்பியவர் வாயைத் திறந்தால் பசிலிக்காதான், அதிலேயே பெயரும் பசிலி மேஸ்திரி ஆயிற்று. எழவு வீட்டுக்கு மாலையோடு போவார். பிணத்துக்கு ஒரு கும்பிடு, உடனே பார்வை மேலே போய்விடும். "இந்த உத்தரம் ரொம்ப நாள் தாங்காது நைனா, அழுவுறவங்கள கொஞ்சம் தள்ளிக் குந்தச் சொல்லு" என்பார். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து இலை எடுக்கிற வரைக்கும் தூண்களை எண்ணிக்கொண்டு நிற்பார். குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, எங்கள் ஊர் மண்டபம், அங்கே வந்த சுற்றுலாக்காரர்களை ஒரு தடவை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பசிலிக்கா பசிலிக்கான்றாங்களே, அது ஆதியில கோயிலே கெடையாது. ரோமாபுரியில பஞ்சாயத்து பேசுற மண்டபம். நடுவுல ஒசந்த கூடம், ரெண்டு பக்கமும் தாழ்ந்த கூடம். கோடியில வளைஞ்ச செவுரு, அங்க ஜட்ஜி குந்திக்கினு இருப்பாரு. நம்ம வேதக்காரங்க வந்து ஜட்ஜிய எழுப்பிட்டு ஆண்டவர குந்த வெச்சாங்க. இந்த மண்டபத்தக் கொஞ்சம் நீளமா இழுத்தா அதான் பசிலிக்கா." சுற்றுலாக்காரர்கள் இவரை அரசாங்க வழிகாட்டி என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாலவாக்கம் துரைசாமி நல்ல நிலபுலன்காரர். ஒரு மாட்டுக் கொட்டகை கட்டித் தரச்சொல்லி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் நடுக்கூடம் ஒசந்து, இருபக்கக் கூடம் தாழ்ந்து, உச்சியில் வரிசையாக ஜன்னல்களோடு ஒன்று நிற்கிறது. மாடுகள் இரண்டு ஓரத்திலும், வைக்கோல் நடுவிலும். துரைசாமி முதலில் தாம்தூம் என்று குதித்தார். ஆனால் வெக்கை மேலே ஏறி ஜன்னல் வழியாகப் போய்விட, சித்திரை வெயிலிலும் மாடுகள் சுகமாக அசை போட்டன. இப்போது அவரே வருகிறவர்களை எல்லாம் அழைத்துப் போய், "இத்தாலி மாடல்" என்று காட்டுகிறார்.

இப்படிப்பட்டவரோடு நான் நேருக்கு நேர் மோதியது அவர் பிறந்த காலனியின் அந்தோணியார் கோயில் விஷயத்தில். பழைய கோயில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மழை வந்தால் பூசை நடக்கும்போதே உள்ளே குடை பிடிப்பார்கள். புதிதாகக் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஜெபம் சொல்லித் தருகிற உபதேசியார் அருள்தாஸ் என்னிடம் வந்தார். நாற்பதடிக்கு இருபதடி, நாலு சுவர், மேலே கான்கிரீட் தளம் என்று ஒரே மாலையில் வரைந்து கொடுத்தேன். மறுநாள் காலை அந்தக் காகிதத்தோடு பசிலி மேஸ்திரி என் மாடிப்படி ஏறினார்.

"இன்னா சார் இது?"

"கோயில் பிளான்."

"ரேஷன் கடைன்னு நெனச்சேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வேறே எப்படி வேணும் உமக்கு?" என்றேன். என் பென்சிலையே எடுத்து, என் பிளான் மேலேயே, பீடத்துக்குப் பின்னால் இருந்த நேர்ச் சுவரை அடித்துவிட்டு அரை வட்டமாக ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே, பாதிப் பானையைக் கவிழ்த்த மாதிரி, அரைக் கூண்டாக விதானம் வரும் என்றார், அதுவும் வெறும் செங்கல்லில்.

"மேஸ்திரி, வளைஞ்ச சுவரு கட்ட இங்கே எவனுக்குத் தெரியும்? தலை மேலே விழுந்து தொலைக்கும்."

"கெணறு கட்டத் தெரிஞ்சவன் ஊருக்கு நாலு பேரு கீறான் சார். பாதி கெணறு கட்டினா வேல முடிஞ்சிது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உபதேசியார் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "பசிலிக்கான்றது போப்பாண்டவர் குடுக்குற பட்டம். நாம கட்டினா ஆயிடுமா?" என்றார்.

"பட்டத்த அவரு குடுக்கட்டும். கட்டடத்த நான் குடுக்கறேன்."

"வெளயாடாத மேஸ்திரி. ஜனம் பகலெல்லாம் கூலிக்குப் போயிட்டு வந்து பொழுது சாயற நேரத்துல இங்க செங்கல்லு சொமக்கப் போவுது. அது வுழுந்துச்சின்னா அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

மேஸ்திரி எழுந்தார். அவர் கேலி இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நான் அங்க தோட்டக்காரன். நகக்கண்ணுல மண்ணோட போவேன். பெரிய வாசல் வழியா உள்ள போயி மொதல் பெஞ்சில குந்தினேன். நீ யாரு, எந்தத் தெருன்னு ஒருத்தன் கேக்கல. அந்த ஒசரத்துக்குக் கீழ குந்திக்கினு இருந்தப்ப நானும் ஒரு ஆளுதான்னு தோணிச்சி. இங்க நாம அறுத்துப் போடுற நெல்லு கொட்டி வெக்கிறாங்களே, அந்தக் குடோனு நம்ம கோயில வுட ஒசரம். நாம எதக் கட்டினாலும் ஷெட்டுதான் கட்டணுமா?"

உபதேசியார் பக்கம் திரும்பினார். "கூண்டத் தாங்குற அடிக்கட்டு பிரிக்கிற அன்னிக்கி அது வுழுந்துச்சின்னா, நானே இடிச்சி, நானே நேர் செவுரு வெச்சிக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் இந்தக் கையால கரணையத் தொட மாட்டேன்." இத்தாலி வருஷங்கள் போக, நாற்பது வருஷம் கொத்துக் கரணை பிடித்த கை அது. உபதேசியார் சரியென்று தலையாட்டினார். பிளான் போட்டவன் என்கிற முறையில், இது விழும் என்று நான் மூன்று தடவை சத்தமாகச் சொல்லி வைத்தேன்.

திருப்புலிவனத்திலிருந்து கிணறு கட்டுகிற அண்ணன் தம்பி, முனுசாமியும் ஏழுமலையும் வந்தார்கள். மேஸ்திரி நடுவில் ஆணி அடித்து, நூல் கட்டி, தரையில் அரை வட்டம் போட்டுக் காட்டினார். "பாதி கெணறு. அவ்ளோதான். எப்பயும் கட்டற மாதிரியே கட்டு" என்றார். அதோடு சரி, அன்று சாயங்காலமே காய்ச்சலில் படுத்துவிட்டார். நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். சுவர் ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது. வளைவென்றால் அப்படி ஒரு வளைவு. ஆனால் உட்புறத்தில், பீடத்துக்குப் பின்னால், கீழேயிருந்து மேலே வரைக்கும் இரண்டு பக்கமும் எதிரெதிரே கருங்கல் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யோவ் முனுசாமி, இன்னாய்யா இது?"

"படி, மேஸ்திரி."

"படியா?"

"நீதான எப்பயும் கட்டற மாதிரி கட்டுன்ன. படி வெக்காம எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்க கெணறு கட்டினதில்ல. நாளைக்கி எவனாவது உள்ள வுழுந்துட்டா எப்டி ஏறி வருவான்?"

மேஸ்திரி மணல் குவியலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. கற்களைப் பிடுங்கினால் சுவர் கலகலத்துப் போகும். விட்டால் பீடத்துக்குப் பின்னால் அந்தோணியார் ஏறி இறங்கப் படி. நேர்ச் சுவருக்கே போய்விடலாம் என்று உபதேசியார் மெல்ல ஆரம்பித்தார். மேஸ்திரி அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து போய் ஒரு சவுக்குக் கட்டையை எடுத்து, இந்தக் கல்லுக்கும் எதிர்ப்பக்கக் கல்லுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. விதானம் கட்ட அடியில் ஒரு முட்டு வேண்டுமே, அதற்கு எப்படிச் சாரம் கட்டுவது என்று அவரே ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் படிகள் மேல் கட்டைகளை அடுக்கி, மூங்கில் வளைத்து, துரைசாமி வீட்டு வைக்கோலைத் திணித்து, மேலே சேறு பூசி, நூல் பிடித்து அரை உருண்டையாக வழித்தெடுத்தார்கள். அதன் மேல் செங்கல் வரிசை வரிசையாக ஏறியது. காலனிப் பெண்கள் நடவு வேலை முடிந்து வந்து மூன்று வாரம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அடிக்கட்டு பிரிக்கிற நாள் வந்தது. மறுநாள் திருவிழாக் கொடியேற்றம். காலை எட்டு மணிக்கே காலனி முழுக்க வாசலில் கூடிவிட்டது. நேர்ச் சுவர் போட்ட புதுப் பிளான் ஒன்றை வரைந்து என் பையில் தயாராக வைத்திருந்தேன். அவ்வளவு நல்ல மனசு எனக்கு. மேஸ்திரி எல்லோரையும் வெளியே அனுப்பினார். முனுசாமியைக்கூட உள்ளே விடவில்லை. "ஒருத்தன் போதும்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு தனியாகப் போனார்.

டக், டக் என்று கட்டை தட்டுகிற சத்தம். அப்புறம் தடதடவென்று ஒரு பெரிய சத்தம், வாசல் வழியாகப் புழுதி வெளியே அடித்தது. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் ஆண்டவரே ஆண்டவரே என்றார்கள். உள்ளேயிருந்து குரல் இல்லை. விழும் விழும் என்று ஊரெல்லாம் சொன்ன நான், விழக்கூடாது ஐயா என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினேன். பையை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வைக்கோலும் மூங்கிலும் மார்பளவுக்குக் குவிந்து கிடந்தன. நடுவில் மேஸ்திரி நின்றார். தலையெல்லாம் சேறு, புருவத்தில் ஒரு வைக்கோல். மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு செங்கல் அசையவில்லை. அரைக் கூண்டு அப்படியே நின்றது, அடியில் ஒன்றுமில்லாமல்.

"அடிபட்டுச்சா மேஸ்திரி?"

அவர் கன்னத்தில் சேறு கரைந்து இரண்டு கோடு ஓடியிருந்தது. "ஜனத்த உள்ள வரச் சொல்லு சார்" என்றார்.

வந்தார்கள். தண்ணீர் ஊற்றிய பெண்கள், செங்கல் சுமந்தவர்கள், எல்லோரும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இது நம்மளுதுதான?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

திருவிழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வந்தார். படிக் கற்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப அழகாக இருக்கிறதே, இது எந்த ஊர் மரபு என்று கேட்டார். "பூலியா மரபு, ஆண்டகையே" என்றார் மேஸ்திரி, கண்ணை இமைக்காமல். பின்னால் நின்ற முனுசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு, கட்டடம் எப்படி நிற்கிறதோ அப்படியே வரைந்த ஒரு பிளான் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. போய் அளந்து வந்து வரைந்தேன். அரை வட்டத்தைப் போட்டேன், படிகளைக்கூட விடவில்லை. அடியில் வடிவமைத்தவர் என்று வருகிற இடத்தில், உபதேசியாரின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, மேஸ்திரியின் முழுப் பெயரை எழுதினேன். காகிதத்தை அவரிடம் நீட்டினேன்.

பெயரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அரை வட்டத்தின் மேல் விரலை வைத்து, "வளைவு ஒரு பக்கம் கோணலா கீது சார்" என்றார்.

முப்பது வருஷத் தொழிலில் யார் சொல்லியும் ஒரு பிளானை நான் இரண்டாம் தடவை வரைந்ததில்லை. அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, புதுக் காகிதம் எடுத்து, முதலில் அவர் பெயரை எழுதிக்கொண்டு மேலே வரைய ஆரம்பித்தேன்.