தமிழரசு நேர்ந்துவிட்ட கூந்தல்

இனிமேல் இந்த வீட்டில் ஒரு சுருள்முடிகூட முளைக்கக் கூடாது என்று தமிழரசு தீர்மானம் எடுத்தது ஒரு மத்தியான நேரத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில், பாதித் தூக்கத்தில். பெரிய தீர்மானங்களையெல்லாம் அவன் அப்படித்தான் எடுப்பது வழக்கம். எடப்பாடியில் தறிக்காரர்களுக்குத் தறி ஓடினால் தூக்கம் வரும், நின்றால் விழிப்பு வரும். தமிழரசுக்கு அதோடு கனவும் வரும்.

எல்லாக் கனவிலும் ஒரே சமாச்சாரம்தான். மனைவி தனப்பிரியாவின் கூந்தல். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பூலாம்பட்டியில் படகு ஏறினார்கள். நடு ஆற்றில் காவிரிக் காற்று அடித்தது. அவள் பின்னலை அவிழ்த்துவிட்டாள். முடி அத்தனையும் மெதுவாகப் பறந்து வந்து இவன் முகத்தை மூடியது. ஒரு சிக்கு இல்லை, ஒரு நெளிவு இல்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி அப்படி ஒரு நேர். பாவில் ஒரு இழை தளர்ந்தாலே தறியை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பிக்கிற ஆள் அவன். ஆண்டவன் நம்ம தொழிலைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறான் என்று சொக்கிப்போனான். கரை வந்ததே தெரியவில்லை. படகுக்காரர் தோளைத் தட்டித்தான் இறக்கிவிட்டார்.

அந்த நேர், ஆண்டவன் கொடுத்ததில்லை. சேலம் அஸ்தம்பட்டி பார்லரில் மருந்து வைத்து நேராக்கிக் கொடுத்தது. பாவம், அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. வருசா வருசம் அவனே பைக்கில் வைத்துச் சேலம் கூட்டிப்போய், பார்லர் வாசலில் தவம் கிடந்து, கூட்டி வந்தான். ஆனாலும் மகள் ரஞ்சிதாவுக்கு முடி சுருண்டபோது மட்டும், இது யார் வழி என்று சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் விசாரித்தான். அப்படி ஒரு அப்பாவி.

இந்த வருசம் தனப்பிரியா பைக்கில் ஏறவில்லை.

"இனிமே நான் பார்லருக்குப் போறதில்லைங்க மாமா."

"ஏம்புள்ள?"

"மண்டையெல்லாம் எரியுது. மருந்து வெச்சா ஒரு மாசத்துக்குத் தலையாணி பூரா முடி. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். நேத்து நம்ம ரஞ்சி கண்ணாடி முன்னால நின்னு அழுவுறா. எனக்கும் அம்மா மாதிரி நேராப் பண்ணி உடுங்கங்கறா. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சுங்க."

"அதுக்கென்ன, அவளுக்கும் சேத்துப் பண்ணிப்போட்டா போச்சு."

தனப்பிரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைச் சரியாகப் படித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"அவ தலையில மருந்து படாது. என்ற தலையிலயும் படாது. முடி எப்படி மொளைக்குதோ அப்படியே இருக்கட்டும். கழுத்து வரைக்கும் சுருட்டை எறங்குனதும் கீழ இருக்கற நேர்முடிய வெட்டி வீசிருவேன்."

வெட்டி வீசுவாளாம்! அன்றைக்கு மத்தியானக் கனவில் யாரோ ஒருத்தி பெரிய கத்திரியோடு வந்து, ஓடுகிற பாவை நறுக்கென்று வெட்டினாள். குறுக்கு நூல் ஓட்டுகிற தறி நாடா எகிறிப் போய்க் காவிரியில் விழுந்தது. தமிழரசு அலறி எழுந்தான். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் தனப்பிரியா தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். காது வரைக்கும் சுருட்டை, காதுக்குக் கீழே நேர். ஒரே தலையில் இரண்டு பேர் குடித்தனம் பண்ணுகிற மாதிரி இருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருவுக்கு இறங்கினான். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தறிக்கார சரவணமுத்து, மார்பு வரைக்கும் தாடியோடு எதிரே வந்தான்.

"என்னப்பா இது, சாமியாராப் போறயா?"

"பழனிக்கு வேண்டுதலப்பா. முடி எறக்கற வரைக்கும் கத்தி, கத்திரி ஒண்ணும் படக்கூடாது."

தமிழரசுக்கு அங்கேயே ஞானம் பிறந்துவிட்டது. நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். தனப்பிரியா அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"தனம், தறி நல்லா ஓடோணும்னு பழனியாண்டவருக்கு உன்ற முடிய வேண்டிக்கிட்டேன். தைக்குப் போறோம். அதுவரைக்கும் கத்திரி படக்கூடாது, ஆமா."

"தறி உங்குளுது. முடி மட்டும் என்றதா? இது நாயமாங்க மாமா?"

நியாயம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தமிழரசுக்கு வாய் தானாக ஓடும்.

"அட, உன்றது மட்டும்னு ஆரு சொன்னா? என்றதுந்தான்! ரெண்டு பேருதும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்!"

"அப்படீங்களா?" கடுகு வெடித்து அடங்கியதும் அவள் அடுப்பைத் தணித்தாள். "சரிங்க. சாமி காரியம். மாத்திப் பேசக்கூடாது."

இவ்வளவு சுலபமா? தமிழரசு மிதந்துகொண்டே தறிப்பட்டறைக்குப் போனான். இப்போது ஆடி. தை வருவதற்குள் இந்த இரண்டுங்கெட்டான் முடியோடு அவள் மல்லுக்கட்ட முடியாமல், மாமா, அஸ்தம்பட்டிக்கு வண்டியை எடுங்கன்னு அவளே சொல்லுவாள். தைக்கு நுனியில் துளி கொடுத்தால் சாமி கணக்கும் தீர்ந்தது. அந்த நினைப்பிலேயே அன்றைக்கு அருமையான தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தமிழரசு வழக்கம்போலக் கிண்ணமும் பிரஷுமாகக் கொல்லைப்பக்கம் கிளம்பினான்.

"அதென்னங்க கையில?"

"தலைக்குச் சாயம்."

"நேந்துவிட்ட முடிக்குச் சாயமா?" தனப்பிரியா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி முடியில மருந்து படலாமாங்க? அதுக்குத்தான் நானே பார்லர்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்காம இருக்கறேன்."

அப்போதுதான் தமிழரசுக்கு உறைத்தது. சாமி முடியில் மருந்து படக் கூடாது என்றால், பார்லரும் கிடையாது. அவளுடைய சுருட்டைக்கு அவனே பழனியாண்டவரைக் காவல் வைத்துவிட்டான்!

"தனம், அது வந்து… சும்மா பேச்சுக்குத்தான்…"

"சாமி கூட வெளையாடறதுங்களா?"

அவன் அடங்கிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து தறி இழை அறாமல் ஓடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் சொன்னதை ஆண்டவர் நிஜமென்றே எடுத்துக்கொண்டார். இனி வாக்கு மாறினால் மோட்டாரே எரிந்துபோகும் என்று அவனுக்கு உள்ளுக்குள் உதறல்.

மாதங்கள் போயின. அவளுக்குச் சுருட்டை இறங்க இறங்க, இவனுக்கு வெள்ளை ஏறியது. முடி நுனியில் கறுப்பு, அடியில் வெள்ளை, தாடியோ முழு வெள்ளை. ஒருநாள் சேலம் பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டு போனபோது ஒரு அம்மா எழுந்து இவனுக்கு இடம் கொடுத்தது.

"உக்காருங்க பெரியவரே. இது மகளுங்களா?"

தமிழரசு வாயைத் திறப்பதற்குள் தனப்பிரியா, "ஆமாங்க," என்றாள்.

ஆனால் ஒன்று நடந்தது. மார்கழி மத்தியானம் ஒன்றில் மொட்டை மாடிப் படியேறியவன் அப்படியே நின்றுவிட்டான். தனப்பிரியா தலைக்குக் குளித்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரஞ்சிதா. நுனியில் மிஞ்சிய நேர்முடியை விட்டால், இரண்டு தலையும் ஒரே மாதிரிச் சுருட்டை. சுருள் சுருளாக வெயில் உள்ளே புகுந்து, வெளியே வர மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் சுருள் ஒன்றை இழுத்து விடுவதும், அது துள்ளித் திரும்புவதைப் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தாள். கண்ணாடி முன்னால் அழுத பிள்ளையா இது! அவன் மனசு நிறைந்துபோனது. கீழே தறி நின்றுபோனது. நின்றும் அவன் விழித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவன் கனவிலும் படகில் சுருட்டைதான் வந்தது. ஆனால் அதை வெளியே சொல்வானா? ஆம்பளை இல்லையா!

தை பிறந்தது. பழனியில் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"எனக்குப் பூமுடி போதுமுங்க," என்றாள் தனப்பிரியா. பெண்கள் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் அது பூமுடி, வேண்டுதல் தீர்ந்தது. எங்கிருந்து கத்தரிப்பது என்று நாவிதர் கேட்க, சுருட்டை முடிந்து நேர் ஆரம்பிக்கிற இடத்தை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

படகில் பறந்த முடி பொத்தென்று காலடியில் விழுந்தது. தமிழரசு அதைக் கையில் எடுத்தான். உட்கார்ந்து துக்கப்படக்கூட நாவிதர் விடவில்லை.

"பெரியவரே, தலையைக் குனியுங்க. உங்களுக்கு மொட்டைதானே?"

ஊர் திரும்பிய மறுநாள், மகள் ஆசைப்பட்டாள் என்று மூன்று பேரும் பூலாம்பட்டியில் படகு ஏறினார்கள். அதே ஆறு, அதே காற்று. தனப்பிரியாவின் முடி பறக்கவில்லை. மெல்லத் துள்ளித் துள்ளி, சந்தனம் பூசிய அவன் மொட்டையை வந்து தொட்டுவிட்டுப் போனது. அவனுக்குக் கண் சொருகியது.

"நல்லாத்தான் இருக்குது தனம்."

"தெரியுமுங்க மாமா. மாடிப்படியில நின்னு வாயப் பொளந்து பாத்தீங்களே."

தோற்றதுகூடச் சுகமாக இருந்தது. இனி ஒரு கவலை இல்லை. "சரி, ஊட்டுக்குப் போனதும் சாயம் வாங்கி வெச்சுக்கறேன். மொளைக்க மொளைக்க அடிச்சுப்போடோணும். இனி எவனும் பெரியவரேன்னு கூப்புடக்கூடாது."

"முடியாதுங்களே. மலையில நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"நம்ம ரஞ்சி தலையில மருந்து வெக்கச் சொல்லி எந்தக் காலத்துலயும் ஆரும் கேக்கக்கூடாதுன்னு."

"நல்ல வேண்டுதல் புள்ள!" தமிழரசுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. "அதுக்குச் சாமிக்கு என்ன தாரதாச் சொன்னே?"

தனப்பிரியா ஒரு சுருளைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"உங்க முடியத்தாங்க மாமா. அவ கல்யாணம் வரைக்கும், வருசா வருசம்."