கேள்விக்குறிக்குப் பின்னால் நான் போட்ட ஐந்து சரிகள்

கிண்ணியா,
செவ்வாய்க்கிழமை.

கொழும்பில் கணினியோடு குடியிருக்கும் அன்பு மருமகன் இல்ஹாமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எனக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட, உங்கள் மாமி நபீஸாவுக்குக் கோபம் நிறையக் கூட, மற்றப்படி அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கும் துஆச் செய்கிறேன். இதை வாசித்து முடிக்கும்போது அது உங்களுக்குத் தேவைப்படும்.

நம் ஊராருக்கென்று நீங்கள் செய்து கொடுத்த கல்யாணத் தளத்தை நான்தான் பள்ளிவாசல் தொடக்கம் தேத்தண்ணிக் கடை வரை புகழ்ந்து திரிந்தவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் மகன் நிப்றாஸுக்குப் பெண் தேட அதில்தான் உட்கார்ந்தேன். நம் பக்கத்தில் பெண் வீட்டார் வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேறுவதும் வழக்கம், அதை நான் உண்டாக்கவில்லை. என்னென்ன வேண்டும் என்று சரி போடும் பெட்டிகளைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? மாடி வீடு, தென்னந்தோட்டம், ஒரே மகள், பாலத்துக்குக் கிட்ட, படித்த பெண் என்று ஐந்து சரி போட்டேன். படித்த பெண் கடைசியில்தான். அதற்குள் நிப்றாஸ் வந்து நின்று, "வாப்பா, எனக்கு இதுல இருக்கிற மூதூர் நப்லாவைத்தான் பிடிச்சிருக்கு. அவங்கட வீட்டுல ஒரு ஓடும் வாங்க மாட்டன், வீட்டை நானே கட்டுவன்" என்று சொல்லிவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து சரியையும் என் கையாலேயே எடுத்தேன், திரையில் ஒரு சரியும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூதூர் போய் நப்லாவின் வாப்பா ஆதம்பாவாவிடம், "எங்களுக்கு வீடு வாசல் ஒண்டும் வேணாம், உங்கட மகள் மட்டும் போதும்" என்றேன். அந்த மனுசனுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, அவ்வளவு நல்லவனாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாகச் சொன்ன அவர், நான் புறப்படும்போது, "நப்லாட விபரத்தை எப்படிப் போட்டிருக்கிறாங்க எண்டு எங்கட ஆக்களும் பார்க்கட்டும், அந்த லிங்கை ரெண்டு வீட்டாரும் இருக்கிற குடும்பக் குறூப்புல போட்டு விடுங்க" என்றார். நானும் முகவரியைத் தலை முதல் வால் வரை பிரதி எடுத்துப் போட்டேன்.

மூதூரில் முப்பத்தெட்டுப் போன்களில் அது திறந்தது. நப்லாவின் படத்துக்கு மேலே, நான் எடுத்துவிட்ட ஐந்து சரியும் வரிசையாக நிற்கின்றன. கீழே கொட்டை எழுத்தில், "உங்கள் எதிர்பார்ப்புகள் ஐந்தில் ஒன்று பொருந்துகிறது!" அந்த ஆச்சரியக்குறி யாருடைய யோசனை, மருமகன்? ஆதம்பாவா உடனே அழைத்தார். "அபூதாஹிர் காக்கா, ஒண்டுதானே பொருந்துது, மிச்ச நாலுக்கும் நாங்க எங்க போற? வெள்ளிக்கிழமை நாங்க வரல்ல." நான்கு நாளாக நிப்றாஸ் என்னோடு கதைப்பதில்லை. நான் எழும்ப முன்னமே வேலைக்குப் போய்விடுகிறான். பெற்ற பிள்ளை என்னைப் பொய்யன் என்று நினைக்கிறான், அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

உங்களிடம் கேட்டால், "மாமா, எல்லாருக்கும் பக்கம் ஒண்டுதான், தெரிவுக்கு ஏத்தபடி உள்ளுக்குள்ளதான் மாறும். நீங்க தெரிவு செஞ்சதெல்லாம் முகவரியில கேள்விக்குறிக்குப் பின்னால இருக்கணும். இல்லாட்டி திரும்பத் திறக்கக்குள்ள எல்லாம் போயிடும். சரியை எடுத்தா அங்கயிருந்தும் அழியணும், அதை நான் மறந்திட்டன்" என்கிறீர்கள். மறந்துவிட்டீர்களா? முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன் சொல்கிறேன், முகவரி என்பது போக வேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டும், உறைக்குள் இருப்பதைச் சொல்லக் கூடாது. அதனால்தான் இதையும் ஒட்டிய கடிதமாக அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த வாலை வெட்டி, பிழை தளத்துடையது என்று ஆதம்பாவாவுக்கு உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். சரி, முதலில் போட்டவன் நான்தான். அதை எழுத வேண்டாம், அவருக்குத் தெரியும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ஞாபக சக்தியையும் தருவானாக. மாமியும் இதையே சொல்லச் சொன்னா, வேறு சொற்களில்.

இப்படிக்கு,
உங்கள் தாய்மாமன்
அபூதாஹிர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. ஆதம்பாவா தன் தம்பிக்கு அனுப்ப வேண்டிய லிங்கைக் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டார். நிப்றாஸின் படத்துக்கு மேலே, அரசாங்க வேலை, சொந்தக் கார், மாமியார் தூரத்தில் என்று ஆறு சரி. ஆறில் ஒன்று பொருந்துகிறது! மாமி விழுந்து விழுந்து சிரித்தா, அங்கே அவருடைய மனைவியும் சிரித்தாவாம். வெள்ளிக்கிழமை வருகிறார்கள், நிப்றாஸே போய் இறைச்சிக்குச் சொல்லிவிட்டு வந்தான். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், தளத்தில் ஒரு புள்ளியையும் தொடாதீர்கள். சந்தோசத்தில் என் இளைய மகள் ஷிஃபானாவுக்கும் மாப்பிள்ளை தேடிப் பார்த்தேன். "வீடு கேட்காதவர்" என்று ஒரே ஒரு சரிதான் போட்டேன். வந்தது ஒரே ஒரு ஆள். தளத்தைச் சோதிக்கவென்று உங்கள் பெயரையே போட்டு வைத்திருக்கிறீர்கள், மருமகன். லிங்கைக் கேள்விக்குறியோடு உங்கள் உம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.